பனையா, கடலா, கொழும்பா?

எங்கள் கரையில் ஒரு பையனுக்கு மீசை அரும்புவதற்கு முன்பே வீட்டில் ஒரு கேள்வி வந்துவிடும்: பனையா, கடலா, கொழும்பா? அவனிடம் யாரும் கேட்க மாட்டார்கள். பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து தங்களுக்குள் பேசி முடித்துவிடுவார்கள். தேரிக்காட்டுப் பக்கம் என்றால் பனை. மணப்பாடு, ஆலந்தலை என்றால் கடல். கொழும்பில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவர் இருந்தால் கப்பல். எங்கள் ஊரான குலசேகரன்பட்டினம், பேச்சில் குலசை, இந்த மூன்று பிழைப்பும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இருந்தது. பாண்டியன் குலசேகரன் பெயரைத் தாங்கிய பழைய துறைமுகம், மேற்கே கருப்பட்டிக்குப் பெயர்போன உடன்குடி, தெற்கே கொஞ்ச தூரத்தில் மணப்பாட்டு மணல்மேடு. 1986இல் மாவட்டம் பிரிந்தபோது எங்களைத் தூத்துக்குடியில் சேர்த்துவிட்டார்கள். அதற்கு முன் நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள்தான்; பேச்சில் இன்னும் அப்படித்தான்.

தமிழ் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்த நாளில் விடுதியில் ஓர் ஆங்கில நாவல் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. ஜே. டி. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் த ரை'. 1951இல் வெளியானது, அமெரிக்காவில் பல பள்ளிக்கூடங்கள் அதைத் தடைசெய்தன என்பதே எங்களுக்கு அதைப் படிக்கப் போதுமான காரணமாக இருந்தது. பதினாறு வயது ஹோல்டன் கால்ஃபீல்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் டிசம்பர் குளிரில் நியூயார்க்கில் சுற்றுகிறான். ஹோட்டலில் அறை எடுக்கிறான். டாக்சி பிடிக்கிறான். குளம் உறைந்துபோனால் அதிலுள்ள வாத்துகள் எங்கே போகும் என்று டாக்சிக்காரரிடம் கேட்கிறான். பெரியவர்கள் எல்லாரும் போலி என்கிறான். அவனை யாருக்கும் புரியவில்லை, அவனுக்கும் அவனைப் புரியவில்லை.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவனை எங்கள் தாத்தாவிடம் ஒரு பனைப் பருவத்துக்கு விட்டால் சரியாகிவிடுவான் என்று விடுதியில் சொல்லிச் சிரித்தோம். பிறகு யோசித்தபோது அந்த எரிச்சலுக்குள் பொறாமை இருந்தது தெரிந்தது. அவனுடைய டாலர் நோட்டுகளைப் பார்த்து வந்த பொறாமை இல்லை. அவனுக்கு அவகாசம் இருந்தது. பிள்ளையாகவும் இல்லாமல் பெரிய ஆளாகவும் ஆகாமல் சும்மா சுற்றிக் குழம்ப இரண்டு மூன்று வருஷம். எங்கள் ஊரில் அந்த வருஷங்களே இல்லை.

அமெரிக்காவிலும் இந்த இடைப்பட்ட பருவம் பழைய சரக்கு அல்ல. ஜி. ஸ்டான்லி ஹால் என்ற உளவியலாளர் அந்தப் பருவத்தைப் பற்றி இரண்டு தடித்த தொகுதிகளை எழுதி வெளியிட்டது 1904இல். அதற்குப் பின்னால்தான் அது தனிப் பருவம், புயலும் கொந்தளிப்புமான பருவம் என்று படித்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பையன்களை ஆலையிலிருந்தும் வயலிலிருந்தும் வெளியே எடுத்துப் பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக உட்கார வைத்த பிறகு வந்த பருவம் அது. குலசையில் அப்படி உட்கார வைக்க யாருக்கும் முடியவில்லை.

பனையை எடுத்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் சூடு பிடித்தால் ஆவணி வரை ஓயாது. பனையேறி விடியுமுன் ஏறி இறங்குவார், சாயங்காலம் மறுபடி ஏறுவார். இடுப்பில் அருவாப்பெட்டி, காலில் தளைநார். பாளையின் நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் ஊறுவது நின்றுபோகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பத்து வயதுப் பையனின் வேலை கீழே நின்று கலயத்தை வாங்குவது, சுண்ணாம்பு தடவுவது, பதநீரைக் காய்ச்சும் விடிலிக்குச் சுமப்பது. பன்னிரண்டில் குட்டைப் பனை. மீசை முளைக்கும்போது அவனுக்கென்று பத்திருபது பனை இருக்கும்.

விடிலியில் அடுப்புக்கு முன்னால் பெண்கள். எங்கள் ஆச்சி தாச்சியைக் கிண்டும்போது பேச மாட்டாள். பதநீர் கொதித்துப் பொங்கி வரும்போது இடித்த ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போட்டால் நுரை அடங்கும். பாகாகிக் கூப்பனிப் பதம் வந்ததும் குழந்தைகளுக்கு ஓலையில் ஒரு சொட்டு கிடைக்கும். அதற்குமேல் ஒரு நிமிஷம் பிந்தினாலும் கருகிவிடும், முந்தினால் கட்டி உறையாமல் இளகிக் கிடக்கும். இறக்கி, துடுப்பால் கடைந்து, சிரட்டையில் ஊற்றுவாள். இந்தப் பதத்தை எந்த வயதில் கற்றுக்கொண்டாய் என்று ஒருமுறை கேட்டேன். "வயசு பாத்தா அடுப்பு காத்துக்கிட்டு இருக்கும்?" என்றாள்.

கொழும்பு வேறு மாதிரி. குலசை, காயல்பட்டினம், உடன்குடி, ஆறுமுகநேரிப் பக்கத்துப் பையன்கள் சொந்தக்காரர் கடையில் எடுபிடியாகப் போவார்கள். பகலில் மூட்டை பிரித்துச் சாமான் நிறுத்துவது, இரவில் அதே கடையில் பாய் விரிப்பது. சம்பளம் முதலாளியிடமே இருக்கும்; ஊருக்குத் திரும்பும்போது மொத்தமாகக் கையில் வரும். எங்கள் பெரியப்பா அரைக்கால் சட்டையோடு போய்க் கோட்டும் தொப்பியுமாகத் திரும்பினார் என்று வீட்டில் சொல்வார்கள். நடுவில் இருந்த வருஷங்களைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. கோடாலித் தைலம், சோப்பு, டார்ச் லைட்டு கொண்டுவந்தார். அவற்றைப் பற்றி மட்டும் நிறையப் பேசினார்.

பெண்பிள்ளைக்கு எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். நேற்று வரை பள்ளிக்கூடம், இன்று ஓலைக் குடிசை, பதினாறாம் நாள் சடங்கு. அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் அவள் இடம் காலி. நான் தப்பித்தது, அப்பா கருப்பட்டி வியாபாரத்தில் நாலு ஊர் பார்த்தவர் என்பதால்.

இந்த ஏற்பாடு அப்படியே நின்றிருந்தால் எங்கள் கரையில் ஹோல்டனுக்கு உறவுக்காரர்கள் யாரும் பிறந்திருக்க மாட்டார்கள். ஆனால் பிழைப்புகள் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டன. முதலில் ரயில். பாரி கம்பெனியைச் சேர்ந்த ஈஸ்ட் இண்டியா டிஸ்டில்லரீஸ் குலசையில் பனைச் சீனி ஆலை வைத்திருந்தது. அதற்காக இரண்டடி அகலத்தில் ஒரு குட்டி ரயில் பாதை போட்டார்கள். திருச்செந்தூரிலிருந்து குலசை வழியாகத் திசையன்விளை வரை ஓடியது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பெரிய ரயில் வந்ததே 1923இல்தான். தேரி மணலில் அதற்கு முன்பே குட்டி ரயில் புகை விட்டது. எங்கள் தாத்தா காலத்துப் பையன்களுக்குப் பனையும் கடலும் அல்லாத ஒரு வேலை கண்ணில் பட்டது அப்போதுதான்: ஆலைக் கூலி, தண்டவாளக் கூலி. 1940இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து நடந்ததை ஊர் இன்னும் 'லோன் துரை கேஸ்' என்றுதான் சொல்கிறது. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் தலைவர்கள் எல்லாரும் சிறைக்குப் போய்விட்டார்கள். தெருவில் மிஞ்சியவர்கள் இளவட்டங்கள். 1942 செப்டம்பர் 20ஆம் தேதி ஒரு கூட்டம் குலசை உப்பளத்துக்குள் புகுந்து காவலர்களின் ஆயுதங்களைப் பறித்தது. அந்தக் கைகலப்பில் உப்பு இலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை. ராஜாஜி உட்படப் பலர் மன்றாடியதில் கயிறு விலகியது; 1946இல் விடுதலையானார்கள். பிற்பாடு அவர்கள் தியாகிகள், மேடைகளில் மாலை விழுந்தது. ஆனால் அந்த மாதம் போலீஸ் வீடு வீடாக நுழைந்தபோது, "அறுதலிப் பயலுவ, ஊரக் கெடுத்துட்டானுவ" என்று திட்டிய பெரியவர்களும் இதே தெருக்களில் இருந்தார்கள் என்று ஆச்சி சொல்லியிருக்கிறாள். புரிந்துகொள்ளப்படாத பையன்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் இவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். உப்பளத்தில் ஒரு மனிதரும் செத்துக் கிடந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாடப் புத்தகம் இரண்டையுமே சொல்வதில்லை.

கொழும்பு 1948இல் மூட ஆரம்பித்தது. சுதந்திர இலங்கையின் குடிவரவுச் சட்டமும் குடியுரிமைச் சட்டமும் அந்த வருஷத்தவை. விசா இல்லாமல் கப்பலேற முடியாது என்றானது. ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். மிஞ்சியிருந்த கடைகளில் பல 1983 ஜூலை இனக் கலவரத் தீயில் போயின. என் தலைமுறைப் பையன்களுக்குத் திண்ணைக் கேள்வியின் மூன்றாவது பதில் காணாமல் போய்விட்டது. பத்தாம் வகுப்பை முடித்தோ முடிக்காமலோ கடற்கரையில் கும்பலாக உட்கார்ந்து பீடி பழகியவர்களை முதன்முதலாக நான் பார்த்தது 1960களின் கடைசியில். அதற்கு முன் அப்படி உட்கார ஊரில் எவனுக்கும் நேரம் இருந்ததில்லை.

கடைசியாகக் கடல். 1953இல் கேரளத்தில் நார்வேக்காரர்களோடு சேர்ந்து ஆரம்பித்த திட்டத்தையொட்டி நம் கரைகளிலும் எந்திரப் படகுகள் வந்தன. அரசு மானியம் கொடுத்தது. இறால் வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்ததும் இழுவை மடி பெருகியது. அந்தப் படகுகளை லாஞ்சி என்பார்கள் மணப்பாட்டுப் பக்கத்தில். லாஞ்சி ஒரு தடவை இழுத்துப் போனால் வள்ளக்காரன் விரித்த வலை கிழியும், மீனும் இருக்காது. 1970களில் இந்தக் கரை நெடுகச் சண்டை. படகுகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். 1983இல்தான் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு என்று ஒதுக்கியது.

இந்தச் சண்டை கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், 1977இல், வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' வந்தது. அவர் பரதவர் இல்லை, கடற்கரைக்காரரும் இல்லை. திருநெல்வேலிக்காரர், இயற்பெயர் ராமச்சந்திரன். நாவல் நடப்பது மணப்பாட்டில். எனக்கு அது கிளை நூலகத்தில் கிடைத்தது. பக்கத்து ஊரைப் பற்றி ஒரு புத்தகம் இருக்க முடியும் என்பதே அதிசயமாக இருந்தது. மணப்பாடு என்றால் 1542இல் சவேரியார் வந்து தங்கிய குகை, 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், செப்டம்பர் 14 திருவிழா. இதற்குமேல் பள்ளியில் யாரும் சொல்லித் தந்ததில்லை. இந்த நாவலில் அந்த ஊர் ஆட்கள் மீன் குழம்பு வைத்தார்கள், குடித்தார்கள், ஒருவரை ஒருவர் ஆசைப்பட்டார்கள்.

குரூஸ் மிக்கேல் வள்ளக்காரர். மகன் செபஸ்தி படித்துக் கடலை விட்டுப் போய்விட்டவன். வள்ளத்தையும் வீட்டையும் விற்றுவிட்டு வரச் சொல்லி அப்பனை நச்சரிக்கிறான். மகள் பிலோமி சாமிதாஸை நேசிக்கிறாள். அவன் வேறு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். தாய் மரியம்மைக்கு ஊர் வாத்தியோடு சிநேகம். ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. வெளியே லாஞ்சிக்காரருக்கும் வள்ளக்காரருக்கும் வெட்டுப்பழி. இத்தனைக்கும் நடுவில் பிலோமி வளர்கிறாள்.

ஹோல்டனுக்கும் பிலோமிக்கும் நடுவே கடல் மட்டும் இல்லை. ஹோல்டன் பேசிக்கொண்டே இருக்கிறான். பிலோமி அதிகம் பேசுவதில்லை. அவன் பெரியவர்களைப் போலி என்று தள்ளுகிறான். அவளுக்குத் தாயைத் தள்ள நியாயம் நிறைய இருந்தது. ஆனாலும், தாய்க்குச் சிநேகிதராக இருந்த அந்த வாத்தியிடம் உட்கார்ந்து பேசுகிறாள், தன் மனசை அவரிடம் ஆற்றிக்கொள்கிறாள். இதை முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீடுகளில் ஒரு பெண் தாயின் பிழையை அறிந்துகொண்டால் இரண்டே வழிதான்: மூடி மறைப்பது, அல்லது காலத்துக்கும் குத்திக் காட்டுவது. இந்தப் பெண் மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறாள். அவளைப் படித்த பிறகுதான் ஹோல்டன்மேல் எனக்கிருந்த எரிச்சல் குறைந்தது. அவனும் தன் தங்கை ஃபீபியிடம் மட்டும் இப்படித்தான் உட்கார்ந்து பேசுகிறான் என்பதை முதல் வாசிப்பில் நான் கவனிக்கவே இல்லை.

கறாரான விமர்சகர்கள் வண்ணநிலவனின் நாவலில் கண்ணீர் அதிகம், எல்லாரும் அளவுக்கு மீறி நல்லவர்கள் என்பார்கள். ஓரளவு உண்மைதான். கடற்கரை ஆட்களே எழுத வந்த பிறகு, உவரிக்காரரான ஜோ டி குரூஸ் 2004இல் 'ஆழி சூழ் உலகு' எழுதிய பிறகு, காற்றும் நீரோட்டமும் மீன் வகையும் தெரிந்த எழுத்து நமக்குக் கிடைத்துவிட்டது. அதன் பக்கத்தில் வைத்தால் 'கடல்புரத்தில்' கரையில் நின்று பார்த்த கதைதான். ஆனால் ஒன்று: வேலை கைமாறும் நேரத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்பதை அது பிடித்தது. அப்பனின் வள்ளம் இனி மகனுக்கு வராது. மகனின் படிப்பு அப்பனுக்குப் புரியாது. அந்த இடைவெளியில்தான் எங்கள் ஊர்ப் பதினாறு வயது பிறந்தது. வண்ணநிலவன் அடுத்து 1979இல் எழுதிய 'கம்பா நதி'யில் இதே பருவம் திருநெல்வேலிக்குள் வேலை தேடி அலைகிறது. அதில் வரும் பாப்பையாவுக்கு வேலை இல்லை, தெரு இருக்கிறது, சிநேகிதர்கள் இருக்கிறார்கள். 2013இல் வெளியான 'கடல்' படத்தை மணி ரத்னம் மணப்பாட்டில் எடுத்தபோது அதன் நாயகனும் ஊர் ஒதுக்கிய ஒரு பையன்தான். இந்த மணல்மேட்டைப் பார்க்கிற எல்லாருக்கும் அப்படி ஒரு பையன் கண்ணில் படுவான் போல.

குலசைக்காரர்களான நாங்கள் நாவல் எழுதவில்லை. எங்களுக்குத் தசரா இருந்தது. முத்தாரம்மன் கோயிலில் கொடியேறியதும் காப்புக் கட்டி, நேர்ந்துகொண்ட வேஷத்தைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் காணிக்கை எடுத்து உண்டியலில் சேர்க்க வேண்டும். காளி, குறத்தி, கரடி, குரங்கு, ராஜா, போலீஸ், பிச்சைக்காரன், பைத்தியக்காரன், எது வேண்டுமானாலும். காளி வேஷத்துக்கு மட்டும் விரதம் கடுமை. பத்தாம் நாள் நடுராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். என் சின்ன வயதில் சுற்றுப்பட்டு ஊர்க் கூட்டம்தான். இப்போது மைசூருக்கு அடுத்து குலசைதான் என்கிறார்கள், லட்சக்கணக்கில் வருகிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வருஷம் முழுக்க, "உருப்பட மாட்டான்" என்று பேர் வாங்கிய பையன் குறத்தி வேஷம் கட்டி வாசலில் வந்து நிற்பான். அவனைத் திட்டிய அதே மயினி, "வாங்கம்மா" என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் காணிக்கை போடுவாள். கோபக்காரனுக்குக் காளி கிடைத்தாள். யாரிடமும் பேசாதவனுக்குக் கரடியின் மயிர்த்தோல் கிடைத்தது. என் வகுப்பில் தலை நிமிராத ஒரு பையன் போலீஸ் வேஷத்தில் வந்து என்னிடமே லைசென்ஸ் கேட்டான். காப்பு அவிழ்த்த மறுநாள் மறுபடி பழைய கடைசி பெஞ்சு. பத்து நாள் அவகாசம் குறைச்சல்தான். ஆனால் ஊரே அதை ஒப்புக்கொண்டிருந்தது.

இப்போது நாலாவது பதிலும் வந்துவிட்டது. 2024 பிப்ரவரி 28இல் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். சிறிய ராக்கெட்டுகளை இங்கிருந்து நேராகத் தெற்கே விடலாம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போவதுபோல் இலங்கைக்கு விலகி வளைந்து போக வேண்டியதில்லை என்பதுதான் இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம். பையன்களைக் கொழும்புக்கு அனுப்பிய ஊர், இலங்கைமேல் போகாமல் இருக்கத் தோதான ஊராகிவிட்டது. நிலம் எடுத்த இடத்தில் பனை போனது, அதைப் பற்றி ஆதங்கமும் இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் சேர்த்தால் உள்ளே வேலை கிடைக்குமா என்று பெற்றோர் விசாரிக்கிறார்கள். பையனைக் கேட்டார்களா என்றால், அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷங்களில் 'கடல்புரத்தில்' கதையைப் பன்னிரண்டாம் வகுப்பில் சொல்வேன். பாடத்தில் இல்லை, மழை நாளில், ஆள் குறைவாக இருக்கும்போது. செபஸ்தி மோசமானவன் என்று பிள்ளைகள் சொல்வார்கள் என எதிர்பார்த்திருந்தேன். கடற்கரை ஊர்களிலிருந்து வந்த பையன்கள் மொத்தமாக அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். "வள்ளத்த வச்சு என்ன செய்ய டீச்சர், டீசலுக்கே கட்டாது" என்றான் ஒருவன். வள்ளத்தில் எஞ்சின் மாட்டி வருஷங்கள் ஆகிவிட்டன. லாஞ்சிக்காரனுக்கும் வள்ளக்காரனுக்கும் இன்று டீசல் கவலை ஒன்றுதான். குரூஸ் பிடிவாதக்காரர், வயசான காலத்தில் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கலாம் என்றது இன்னொரு கட்சி. பிலோமியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜன்னலோரத்து மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து, "அந்த வாத்தி அவளுக்கு ஆறுதல் சொன்னதுக்குப் பதிலா ஒரு டீச்சர் ட்ரெய்னிங்ல சேத்து விட்டிருந்தா கத வேற மாதிரி போயிருக்கும் டீச்சர்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை; விண்ணப்பம் எப்போது தருவார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள்.